அந்தப் பின்பக்கப் படிக்கட்டு

எங்கள் பேட்டையைப் பராமரிக்கும் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். எங்கள் புளோக்கின் மாடிப்படி வாசலில் போன மாதம் நீங்கள் ஒட்டிய, படிக்கட்டில் ஏறி இறங்கி உடற்பயிற்சி செய்யக்கூடாது என்ற அறிவிப்பைப் பற்றி எழுதுகிறேன். நான்கு மொழியிலும் இருக்கிறது. தமிழில் மட்டும் ‘உடற்பயிற்ச்சி’க்கு ஒரு ஒற்று கூடுதல். அது போகட்டும்.

மறுநாள் விடியற்காலை ஐந்தேகாலுக்கு உங்கள் ஊழியர், படியேறிப் பயிற்சி செய்யும் எங்கள் மூவரையும் ஒன்பதாம் மாடியில் நிறுத்திப் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக்கொண்டு போனதும், நான் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று ஒரே பதில் வந்ததும் நீங்கள் அறிந்ததே. நான் கேட்பது ஒன்றுதான்: காலை ஐந்திலிருந்து ஆறரை வரை, பின்பக்கப் படிக்கட்டு ஒன்றை மட்டும் எங்களுக்கு விடுங்கள்.

அன்று என் முதுகுப்பையைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே ஐந்து கிலோ பொன்னி அரிசி இரண்டு பை. எதற்கு என்று கேட்டார். மலைக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பது வயதுப் பெண், இருபத்தைந்து மாடிக் கட்டடம், முதுகில் அரிசி. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் சொல்லுங்கள், சிங்கப்பூரில் வேறு எங்கே போய் ஏறுவது? நம் ஊரின் மிக உயரமான இயற்கை மேடு புக்கிட் தீமா. 163 மீட்டரும் கொஞ்சமும். எங்கள் வீட்டிலிருந்து அங்கே போய்வரவே இரண்டு மணி நேரம்; எட்டு மணிக்கு எனக்கு வேலை. படிக்கட்டோ கதவைத் திறந்தால் இருக்கிறது. ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அடியிலிருந்து உச்சிவரை ஒருமுறை ஏறுவது 67 மீட்டர். பன்னிரண்டு முறை ஏறி இறங்கினால் 800 மீட்டர். 1998 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் சிங்கப்பூர்க் குழுவும் சுமையோடு அடுக்குமாடிப் படிகளில் ஏறித்தான் கால்களைத் தயார்செய்தது. நல்லவேளை, அப்போது உங்கள் அறிவிப்பு இல்லை.

ஜிம்முக்குப் போகலாமே என்பீர்கள். அங்குள்ள படியேறும் இயந்திரம் ஏற மட்டும்தான் செய்யும், இறங்காது. எங்களுக்கு வேண்டியது இறக்கம். அதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன்.

போன ஆண்டு அக்டோபரில் நேபாளத்தின் தொராங் லாவுக்கு நடந்து போனோம். ‘லா’ என்றால் திபெத்திய மொழியில் கணவாய். 5,416 மீட்டர். கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியளவுக்குத்தான் அங்கே ஆக்சிஜன். அதற்கு இங்கே யாரும் பயிற்சி எடுக்க முடியாது. மெல்ல மெல்ல ஏறி, இடையில் தங்கி, உடம்பு பழகினால்தான் உண்டு. வழியில் மனாங் என்ற ஊரில் இரண்டு இரவு தங்கினோம். விடிவதற்கு முன் கிளம்பிக் கணவாயை நல்லபடியாகவே எட்டினேன். மறுபக்கம் முக்திநாத் கோயிலுக்கு ஒரே பிற்பகலில் 1,600 மீட்டர் இறக்கம். இந்தக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே இருபத்துநான்கு முறை இறங்குவதற்குச் சமம்.

அதுவரை நான் படியேறிவிட்டு மின்தூக்கியில்தான் இறங்குவேன். முட்டிக்கு நல்லது என்று சொன்னார்கள், நம்பினேன். பாதி இறக்கத்தில் இடது முட்டி மடங்க மறுத்தது. கடைசி ஒரு மணி நேரம் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். கோயிலைத் தாண்டும்போது இருட்டிவிட்டது, காலையில் வந்து கும்பிட்டுக்கொள்ளலாம் என்று கீழே விடுதிக்குப் போய்விட்டோம். காலையில் கட்டிலிலிருந்து இறங்கவே முடியவில்லை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, அம்மா உயிரோடிருந்தவரை போக வேண்டும் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த இடம், ஜன்னல் வழியே மேலே தெரிகிறது. அந்தப் படிகளை என்னால் ஏற முடியவில்லை. தம்பி மட்டும் போய் அங்குள்ள 108 நீர்த்தாரைகளிலும் நனைந்து, ஒரு பிளாஸ்டிக் புட்டியில் தீர்த்தம் பிடித்துவந்தான். கட்டிலில் உட்கார்ந்தபடி தலையில் தெளித்துக்கொண்டேன்.

அதனால்தான் இப்போது பன்னிரண்டு முறை ஏறினால் பன்னிரண்டு முறையும் நடந்தே இறங்குகிறேன். காவடி எடுப்பவர் ஒரு மண்டலம் விரதம் இருப்பதில்லையா, எங்கள் விரதம் இந்தப் படிகள்.

வரும் ஆகஸ்டில் இந்திய இமயமலையில், மணாலியிலிருந்து லடாக்கின் லேவுக்குச் சைக்கிள் பயணம். முதலில் ரோத்தாங் கணவாய், 3,978 மீட்டர். அதற்கடியில் 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள், ஆனாலும் நாங்கள் மேலேதான் போகிறோம். பிறகு பாராலாச்சா லா, கட்டா லூப்ஸ் எனும் இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள், கடைசியில் 5,328 மீட்டரில் தங்லாங் லா. அந்த உயரத்தில் பாதி வழி சைக்கிளில் நாங்கள் போவோம், மீதி வழி சைக்கிளை நாங்கள் தள்ளிக்கொண்டு போவோம். லேவுக்கு அப்பால் கார்துங் லாவில் ஒரு பலகை 18,380 அடி என்று நெடுங்காலம் பெருமையடித்தது, அதாவது 5,602 மீட்டர். அளந்து பார்த்தால் 5,359தான். பலகை சொன்ன பொய்யே நம் புக்கிட் தீமாவைவிட உயரம்!

பலகை என்றதும் நம் பேட்டை நினைவுக்கு வருகிறது. பந்து விளையாடாதீர், புறாவுக்குத் தீனி போடாதீர், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுவீர். இப்போது படியேறாதீர். இந்த அறிவிப்பிலிருந்து ஆறு எட்டு வைத்தால், மின்தூக்கிக்குப் பக்கத்தில், ‘படியேறி நலமாக வாழுங்கள்’ என்று ஒரு சுவரொட்டி சிரிக்கிறது. அரசாங்கத்தின் தேசியக் காலடிச் சவால் தொடங்கிய 2015இலிருந்து நாடே காலடிகளை எண்ணி நடக்கிறது. எங்கள் காலடி மட்டும் கணக்கில் சேராது போலும். தீ விபத்து நேர்ந்தால் வழியை மறிக்கக்கூடாது என்கிறீர்கள். மிகவும் சரி. பதினான்காம் மாடித் திருப்பத்தில் பழைய மெத்தை ஒன்று மூன்று மாதமாகச் சாய்ந்திருக்கிறதே, அதன் பெயரையும் வீட்டு எண்ணையும் யாராவது எழுதிக்கொண்டார்களா? நாங்களாவது நெருப்பென்றால் ஓடிவிடுவோம்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். தூக்கம் கெடுகிறது என்று யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கலாம். படியில் நாங்கள் பேச மாட்டோம். மென்மையான அடிப்பாகம் உள்ள காலணிதான் போடுவோம். கைபேசிப் பாட்டு கிடையாது. மூவரில் ஒருவர் அறுபத்தெட்டு வயது முன்னாள் டாக்சி ஓட்டுநர், சீன அங்கிள்; அவர் இருமினாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமுவார். வேண்டுமானால் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறுகிறோம். ஐந்து மணி சீக்கிரம் என்றால் ஐந்தரை என்று மாற்றுங்கள், அதற்கும் சம்மதம். அந்த ஒரு படிக்கட்டை, அந்த ஒரு நேரத்துக்கு, தயவுசெய்து விடுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது, பையில் இருப்பதை எடுத்துப் பொங்கிவிடலாமா என்று என் கணவர் தினமும் கேட்கிறார். இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பணிவுடன்,
இருபத்தோராம் மாடியில் வசிப்பவள்