இரண்டாம் வசனத்திலிருந்து தொடங்கு, பாப்பா

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்பு பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

கிருபையினால்தான் இரட்சிப்பு என்றால் பத்துக் கட்டளையை எதற்கு இன்னும் மனப்பாடம் செய்கிறோம் என்று கேட்டிருந்தாய். போனில் அரைகுறையாகச் சொல்லி முடிக்க மனமில்லை, அதனால் எழுதுகிறேன்.

யாத்திராகமம் 20-ஐ எடு. ஒப்புவிக்கும்போது நாம் மூன்றாம் வசனத்தில் தொடங்குவோம். நீ இரண்டாம் வசனத்தைப் பார்: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." செங்கடல் தாண்டி, மன்னா தின்ற பிறகுதான் சீனாய் மலை வருகிறது. இவற்றைக் கைக்கொண்டால் உங்களை விடுவிப்பேன் என்று எகிப்தில் கர்த்தர் பேரம் பேசவில்லை. பவுலும் இதே வரிசையைத்தான் பிடித்துக்கொள்கிறார்: ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் முந்தினது, நியாயப்பிரமாணம் 430 வருஷம் பிந்தினது, பிந்தினது முந்தினதைத் தள்ளிவிடாது (கலாத்தியர் 3:17).

அதே அதிகாரத்தில் நியாயப்பிரமாணத்தை நம் வேதாகமம் உபாத்தி என்கிறது. பள்ளிக்கூட வாத்தியாரை நினைத்துக்கொள்ளாதே. கிரேக்கத்தில் அந்தச் சொல் பைதகோகோஸ்: சிறுவனின் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற வீட்டு அடிமை. வழியில் அதட்டுவான், தவறினால் அடிப்பான். பாடம் சொல்லிக்கொடுப்பது அவன் வேலையில்லை.

எங்கே தவறிப்போகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம். கட்டளையைக் கைக்கொண்டே பரலோகம் போகலாம் என்று நம் சபையில் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. கிருபை இருக்கிறது, எப்படியும் வாழலாம் என்பவனுக்கு ரோமர் 6-ன் முதல் இரண்டு வசனம் போதும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் பொல்லாதது: உள்ளே வருவது கிருபையால், நிலைத்திருப்பது என் நடத்தையால். கலாத்தியா சபை விழுந்தது இந்தக் குழியில்தான். அவர்கள் கிறிஸ்துவை விடவில்லை, அவரோடு விருத்தசேதனத்தையும் சேர்க்கப் பார்த்தார்கள். போலீஸ் சமனுக்கு (அபராதச் சீட்டுக்கு) பாதி கழிவு கொடுத்துக் கட்டச் சொல்வார்களே, கிருபையை நாம் அப்படி நினைத்துவிடுகிறோம். பாதியை அவர் தள்ளினார், மீதியை உபவாசத்தாலும் காணிக்கையாலும் நான் கட்டுகிறேன் என்று. கொலோசெயர் 2:14-ல் வரும் 'கையெழுத்து' கடன் வாங்கினவன் தன் கைப்பட எழுதிக்கொடுக்கும் கடன்சீட்டு. அதில் கழிவு எதுவும் பேசப்படவில்லை. சீட்டையே குலைத்து சிலுவையில் ஆணியடித்தார் என்றுதான் இருக்கிறது.

இனி செய்முறை. 1535-ல் சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் தமக்குச் சவரம் செய்துவந்த பேதுரு என்பவருக்கு ஜெபிக்கும் முறையை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டளையையும் நாலு இழையாகப் பிரிக்கச் சொன்னார்: போதனை, நன்றி, அறிக்கை, விண்ணப்பம். ஒரு இரவுக்கு ஒரு கட்டளை போதும், பத்தையும் ஓட்டாதே.

களவு செய்யாதிருப்பாயாக என்பதை எடுத்துக்கொள். (லூத்தரன் சபையாரான நமக்கும் கத்தோலிக்கருக்கும் இது ஏழாவது, உன் மெதடிஸ்ட் தோழிக்கு எட்டாவது. அவர்கள் விக்கிரகத்தைத் தனிக் கட்டளையாக எண்ணுகிறார்கள், நாம் இச்சியாதிருப்பாயாக என்ற கடைசிக் கட்டளையை இரண்டாகப் பிரிக்கிறோம். இதற்காகச் சண்டை வேண்டாம்.) முதல் இழை: திருடாமல் இருந்தால் மட்டும் போதாது, அயலான் தன் பொருளைக் காத்துக்கொள்ள நான் உதவவும் வேண்டும் என்று லூத்தரின் சிறிய ஞானோபதேசம் சொல்கிறதே, அது. இரண்டாவது: என் கூரைக்கும் சோற்றுக்கும் நன்றி. மூன்றாவதில் பெயர் சொல்லி அறிக்கையிடு. "நான் பாவி" என்று மொத்தமாகச் சொன்னால் ஒன்றும் உறைக்காது. மாமாக் உணவுக்கடையில் மீதிச் சில்லறையோடு 10 வெள்ளி கூட வந்தது, தெரிந்தே வாங்கிக்கொண்டேன். சம்பளம் வாங்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் போனில் கழித்தேன். இப்படிச் சொல். நாலாவது: திருந்தக் கிருபை கேள்.

பெரும்பாலோர் மூன்றாம் இழையிலேயே மாட்டிக்கொண்டு, அழுது, அப்படியே படுத்துவிடுகிறார்கள். அங்கே நிற்காதே. ரோமர் 8:1-ஐ வாய்விட்டு வாசி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பில் "மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு" என்று நடுவில் வருவதைப் படித்ததும், ஐயோ நான் அப்படி நடக்கவில்லையே என்று மனம் மறுபடி சமனை எடுத்து விரிக்கும். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் முதல் வசனத்தில் அந்தச் சொற்கள் இல்லை. அவை நாலாம் வசனத்துக்குரியவை. கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்பதுதான் முதல் வசனம்.

அதன் பிறகு அந்த 10 வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடு. ஆயக்காரன் சகேயுவைப் பார் (லூக்கா 19): பிடுங்கினதோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு என்கிறது லேவியராகமம் 6:5. அவனோ நாலு மடங்கு கொடுக்கிறேன் என்கிறான். அதுவும் எப்போது? இயேசு தானாக அவன் பெயரைக் கூப்பிட்டு, உன் வீட்டில் தங்கவேண்டும் என்று சொன்ன பிறகு.

இந்த ஞாயிறு திருவிருந்துக்குப் போவாய் அல்லவா? சனி இரவே இந்தக் கட்டளையை எடுத்துப் பார். எந்த இழையில் நின்றுபோனாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா