ஹோம் பிளேட்டை எந்த மூலையில் போடுவது?

கோபிச்செட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளை,

கடுதாசி கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம், வெயில்தான் தாங்கவில்லை.

மண்டல பேஸ்பால் போட்டியை இந்த முறை பொள்ளாச்சியில் உங்கள் லீக்தான் எடுத்து நடத்துகிறது என்று எழுதியிருந்தாய். எட்டு டீம், ஒரே மைதானம், வைகாசி மாசம். பந்தல், சாப்பாடெல்லாம் பிறகு. முதலில் ஹோம் பிளேட், அதாவது பேட்டர் நின்று அடிக்கிற தட்டு, எந்த மூலையில் என்று முடிவு பண்ணு.

ஹோம் பிளேட்டிலிருந்து, பந்து வீசுகிற பிட்சர் வழியாக, எதிரே இருக்கிற இரண்டாம் பேசுக்கு (பேஸ் என்பது ஓடித் தொடுகிற பை) போகிற கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது விதிப்புத்தகம். மத்தியானத்துக்கு மேல் ஆடுகிற ஊருக்கு அது சரி. நாம் காலை ஏழு மணிக்கே தொடங்குகிறோம். வைகாசியில் சூரியன் உதிப்பதும் அதே திசையில்தான். பந்து பிட்சர் கையை விட்டு வருவதே பேட்டருக்குத் தெரியாது, தலைக்கு வந்தால் ஒதுங்கவும் முடியாது. கோட்டை நேர் வடக்காகத் திருப்பிவிடு. மேற்கே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று குறுக்கே அடித்து, உயரப் போகிற பந்தை ரைட் ஃபீல்டுப் பக்கம், அதாவது பேட்டருக்கு வலப்புறம், தள்ளும். அது ரெண்டு டீமுக்கும் பொதுதானே. சாயங்காலம் முதல் பேஸ்காரனுக்குக் கண் கூசும், அதனால் கடைசி ஆட்டத்தை ஐந்து மணிக்குள் முடி.

அளக்க இரும்பு டேப் எடு, துணி டேப் இழுத்தால் நீளும். ஹோம் பிளேட்டின் பின்முனையிலிருந்து இரண்டாம் பேஸ் மையத்துக்கு 127 அடி 3⅜ அங்குலம். அந்த ரெண்டு புள்ளியிலிருந்தும் 90 அடி டேப் சந்திக்கிற இடம்தான் ஒன்றாம், மூன்றாம் பேஸ் மூலை. பாதிப் பேர் தப்பு பண்ணுவது இங்கேதான்: ஒன்றாம், மூன்றாம் பேஸ் பைகள் முழுசாகக் கோட்டுக்கு உள்ளே இருக்கணும். இரண்டாம் பேஸ் மட்டும் புள்ளிக்கு நடுவில்.

மவுண்ட், அதாவது பிட்சர் நின்று வீசுகிற மண்மேடு, 18 அடி விட்டம், ஹோம் பிளேட்டை விட 10 அங்குல உயரம். கணக்குக்கு ஒரு யூனிட் (நூறு கன அடி) மண், அமுங்கும் என்பதால் ஒன்றரை யூனிட் இறக்கு. வெறும் செம்மண் போட்டால் மூணாவது இன்னிங்ஸிலேயே பிட்சரின் கால் ஊன்றுகிற இடம் குழியாகிவிடும், அப்புறம் அவன் முழங்காலுக்கு வினை. ரப்பருக்கு (மேட்டில் பிட்சர் காலை வைக்கிற பட்டை) முன்னால் ஐந்தாறு அடியில், சூளைக்குப் போகாத பச்சைக்கல்லைப் பதித்து, மேலே களிமண்ணை ஈரமாக இடித்துவிடு. சரிவு ரப்பரிலிருந்து 6 அங்குலம் தள்ளித் தொடங்கி, அடிக்கு ஒரு அங்குலம் இறங்கணும். உயரத்தைக் கண் மதிப்பில் விடாதே, கொத்தனாரின் தண்ணி ட்யூப் போதும். ரப்பரின் முன்விளிம்பு பிளேட் பின்முனையிலிருந்து 60 அடி 6 அங்குலம்.

லீக் சுற்றில் மூணு டீம் சமமாகி, ஒருத்தரை ஒருத்தர் ஜெயித்திருந்தால் சண்டை வரும். எடுத்த ரன்னைப் பேட் செய்த இன்னிங்ஸால் வகுத்து, கொடுத்த ரன்னைப் பந்துவீசிய இன்னிங்ஸால் வகுத்துக் கழி, மிச்சம் அதிகமுள்ள டீம் மேலே. 18 இன்னிங்ஸில் 12 எடுத்து 20 இன்னிங்ஸில் 8 கொடுத்தால், 0.667-ல் 0.400 போக 0.267. இதற்கு ஸ்கோரர் ஒவ்வொரு அவுட்டையும் இன்னிங்ஸில் மூன்றிலொரு பங்காக எழுதணும். ஏழாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்டோடு ஜெயித்த டீம் ஆடியது 6⅓, ஏழு இல்லை. எதிரணிக்கும் பந்துவீசிய கணக்கு 6⅓ தான்.

அட்டவணை போடும்போது உங்க டீமுக்கே குளிர்ந்த காலை ஆட்டத்தை எல்லாம் கொடுத்துவிடாதே, பேச்சு வரும். பச்சைக்கல்லுக்கு இப்பவே சொல்லி வை.

அன்புடன்,
சண்முகம்