ஜூன் விடுமுறை: கலை அறிவியல் அரும்பொருளகம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். ஜூன் 13, சனிக்கிழமை பிள்ளைகளோடு சிங்கப்பூர் மரினா பேயில் உள்ள இந்த அரும்பொருளகத்துக்குப் போகிறோம்.

1. காலை 9.45, பேஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையம், கட்டணக் கதவுக்கு வெளியே கூடுவோம்.
2. நுழைவுச்சீட்டை அவரவர் இணையத்தில் வாங்கிவிடுங்கள். உள்ளூர்வாசிகளுக்குக் கட்டணம் குறைவு. அடையாள அட்டை அவசியம்.
3. உள்ளே போகுமுன் தாமரை போன்ற அந்தக் கூரையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மோஷே சஃப்டி வடிவமைத்தது, 2011இல் திறந்தது. கூரையில் விழும் மழைநீர் நடுவே அருவியாகக் கொட்டும். கழிவறைகளுக்கும் அந்த நீர்தான். அன்று மழை பெய்தால் நமக்கு அதிர்ஷ்டம்!
4. உள்ளே குளிரும், மேல்சட்டை வேண்டும்.
5. அப்புறம் டவுன்டவுன் ரயில் பாதையில் நேராகத் தேக்கா (லிட்டில் இந்தியா), மதியச் சாப்பாடு.

எத்தனை பெரியவர், எத்தனை பிள்ளைகள் என்று ஜூன் 6க்குள் இங்கே எழுதுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கெடுக்க முடியாது.