பூனைக்கு, தையல் அத்தை பற்றி

அன்புள்ள பூனை,

தையல் அத்தை செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் தவறிவிட்டார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டு முடிக்க மனம் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படவில்லை. உன் அப்பா வந்து சடங்கு முடியும் வரை இருந்தார். இங்கே எல்லாரும் நலம். பெரியவனுக்குப் பரீட்சை முடிந்ததா? சின்னவள் இன்னும் தயிர்ச்சாதம் மட்டும்தானா?

இங்கே சிங்கப்பூரில் வீட்டில் இறந்தால் முதல் வேலை டாக்டரை வரவழைப்பதுதான். கிளினிக் டாக்டர் வந்து பார்த்தார், ஆனால் என்ன காரணம் என்று தெரிந்தால்தானே அவர் சான்று தர முடியும்? அத்தை வளர்த்த குட்டிம்மா, அவருடைய மருந்துப் பட்டியலையும் கடைசியாக மருத்துவமனையில் கொடுத்த சுருக்கத்தையும் ஒரே ஃபைலில் வைத்திருந்தாள். பத்து நிமிடத்தில் சான்று கிடைத்தது. அந்தத் தாள்கள் இல்லாமல், டாக்டராலும் காரணம் சொல்ல முடியாமல் போனால், போலீசுக்குச் சொல்லி, உடல் அவுட்ராமில் இருக்கும் பிணவறைக்குப் போய், மரண விசாரணை அதிகாரி பார்த்த பிறகுதான் நம் கைக்கு வரும். உன் அப்பா வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு ஃபைல் இருக்க வேண்டும். இதை முதலில் எழுதி வைத்துக்கொள்.

பதிவு செய்ய எங்கேயும் ஓட வேண்டியதில்லை. 2022 மே 29 முதல் டாக்டர் சான்றளித்தவுடன் மரணம் தானாகவே பதிவாகிவிடுகிறது. அரசாங்கத்தின் மை லெகசி தளத்தில் 30 நாளுக்குள் மின்சான்றிதழை இறக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதை நாலைந்து இடத்தில் சேமித்து வைக்கச் சொன்னேன். வங்கி, காப்புறுதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) என்று எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.

புளோக்குக் கீழே பந்தல் போட நகர மன்ற அனுமதியை ஈமச்சடங்குக்காரரே வாங்கிவிட்டார். தமிழ் முரசில் அறிவிப்பு வந்தது. மண்டாயில் தகனக் கட்டணம் 100 வெள்ளிதான், மற்றச் செலவெல்லாம் பெட்டி, வண்டி, பந்தல், பூ, சாப்பாடு என்று போகிறது. ஜோகூர் பாருவிலிருந்து அத்தையின் தம்பி வர வேண்டியிருந்ததால் நேரத்தை மாலைக்குத் தள்ளிப் பதிந்தோம். அப்படியும் காஸ்வே நெரிசலில் சிக்கி, பெட்டியை மூடும் நேரத்துக்குத்தான் ஓடி வந்தார். வாய்க்கரிசி போட்ட கை நடுங்கிக்கொண்டே இருந்தது. 2026 இறுதியில் எல்லை தாண்டும் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கிவிட்டால் கடக்க ஐந்தே நிமிடம் என்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில்தான் அதன் அருமை தெரியும்.

பெட்டிக்குள் கத்திரிக்கோலை வைக்கலாமா என்று குட்டிம்மா கேட்டாள். உலோகம் கூடாது. அளவு நாடாவையும், அத்தை கடைசியாக வெட்டி வைத்திருந்த ரவிக்கைத் துணியையும் வைத்தோம். இருதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லி எடுக்க வைக்க வேண்டும், தகன அறையில் வெடித்துவிடும். அத்தைக்கு இல்லை. உன் அப்பாவுக்கு உண்டு, மறக்காதே. அஸ்தியைப் படகில் கொண்டுபோய், பூலாவ் செமக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில் ஒதுக்கியிருக்கும் இடத்தில் கரைத்தோம்.

இதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

குட்டிம்மாவை மூன்று வயதிலிருந்து வளர்த்தது அத்தைதான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சட்டத்துக்குத் தெரியாது. அவள், அத்தையின் கணவரான நம் மாமாவின் தங்கை மகள், எழுத்தில் தத்தெடுக்கவில்லை. சிபிஎஃப் சேமநிதிப் பணம் தனக்குப் பிறகு யாருக்கு என்று எழுதித் தரும் நாமினேஷனில் அத்தை மாமா பெயரை மட்டும் போட்டிருந்தார். மாமா முன்னால் போனதுமே அது செல்லாமல் போய்விட்டது. புதிதாகப் போடவில்லை. இனி அந்தப் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போகும். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, பெற்றோர் இல்லை என்றால் உடன்பிறந்தவர்களுக்குச் சமபங்கு. ஆக ஜோகூர்த் தம்பிக்கும் கிள்ளான் அக்காவுக்கும் போகும். குட்டிம்மாவுக்கு ஒரு காசு கிடையாது.

'உயில் எழுதி வச்சிட்டேன்டி' என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பாரே, அதுவும் கிடைத்தது. கோங் குவான் பிஸ்கட் டின்னில், பொத்தான்களுக்கும் பாபின்களுக்கும் அடியில், நாலாக மடித்த தாள். அந்த அழகான உருண்டைக் கையெழுத்தில், 'வீடும் பணமும் என் மகளுக்கே' என்று எழுதியிருக்கிறார். கீழே ஒரே ஒரு சாட்சி. அந்தச் சாட்சியும் குட்டிம்மாவேதான். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அந்த உயிலால் எதுவும் கிடைக்காது. எல்லாம் சரியாக எழுதியிருந்தாலும் சிபிஎஃப் பணம் உயிலுக்குள் வராது, அதற்குத் தனி நாமினேஷன்தான். அந்தத் தாளை அவளிடம் படித்துக் காட்டி, இது செல்லாது என்று சொல்ல வேண்டியிருந்தது, பூனை.

வீடு இன்னும் கஷ்டம். மாமா போனபோது கூட்டு உரிமை என்பதால் முழு வீடும் அத்தை பெயருக்கு வந்துவிட்டது, இறப்பை நில ஆணையத்தில் பதிந்ததோடு முடிந்தது. இப்போது குடும்ப நீதிமன்றத்தில் நிர்வாக உத்தரவு வாங்கியாக வேண்டும். உடன்பிறந்தவர்கள் இருவரும் மலேசியர்கள், வீவக வீட்டை வைத்துக்கொள்ள முடியாது, விற்றுப் பிரிக்க வேண்டியதுதான். தம்பி நல்ல மனிதர், 'அவளுக்குத்தான் சேரணும்' என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அக்கா வாய் திறக்கவில்லை. அவர்கள் மனமுவந்து கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் கேட்க வழியில்லை.

அந்த டாசன் வீட்டுக்கு அத்தை எவ்வளவு யோசித்து வந்தார்! நம் பழைய தங்ளின் ஹால்ட்டில் 31 புளோக்குகளை எடுக்கப்போவதாக 2014-இல் அறிவித்தபோது, தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகமாட்டேன் என்றவர். நம் பத்து மாடிக் கட்டடங்கள் இருந்த பக்கம் போனால் உனக்குத் திசையே தெரியாது. பக்கத்தில் ஓடிய மலேசிய ரயில் 2011-இல் நின்றது. தண்டவாளம் கிடந்த இடத்தில் ஆட்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். முனீஸ்வரன் கோயில் மட்டும் நம் காலத்து அடையாளமாக இருக்கிறது. 1932-இல் ரயில்வேத் தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் தொடங்கியது, இடம் மாறி நின்று பிழைத்துக்கொண்டது. நம் ஆட்களில் பாதிப் பேரை அங்கேதான் இனி பார்க்க முடியும்.

இப்போது உன் அப்பா. பந்தலில் என்னிடம் 'உன் மகன் என்ன படிக்கிறான்' என்று மூன்று முறை கேட்டார். நடுவில் பத்து நிமிடம்கூட இல்லை. மற்றபடி பேச்சு தெளிவு, நடை தெளிவு. வயதுதான் காரணமாக இருக்கலாம். ஆனாலும் காத்திருக்காதே. எல்பிஏ என்பது, மனத்தெளிவு போனால் தன் சார்பில் முடிவெடுக்க ஆள் நியமிக்கும் பத்திரம். அதை அவருக்குத் தெளிவு இருக்கும்போதே செய்ய வேண்டும். தெளிவு போய்விட்டால் நீயும் உன் தம்பியும் நீதிமன்றத்துக்குப் போய், டாக்டர் அறிக்கை, வக்கீல் செலவு என்று மாதக்கணக்கில் அலைந்தால்தான் அவர் வங்கிக் கணக்கைத் தொட முடியும்.

செய்வது சுலபம். அப்பா அரசாங்க மின் அடையாளமான சிங்பாஸில் நுழைந்து படிவம் 1-ஐ நிரப்ப வேண்டும். இரண்டு பேரையும் ஒரு மாற்று ஆளையும் போடலாம். உங்கள் இருவர் பெயரையும் போடும்போது 'சேர்ந்தும் தனித்தும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் 'சேர்ந்து' என்று போட்டால், நீ பெர்த்திலும் அவன் துபாயிலும் இருந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் இருவர் சம்மதம் தேட வேண்டியிருக்கும். நீங்கள் ஆன்லைனில் ஒப்புக்கொண்ட பிறகு, அப்பா சான்றளிக்கும் டாக்டரையோ வக்கீலையோ நேரில் பார்க்க வேண்டும். கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், முன்பே கேட்டுக்கொள். உன் சிங்பாஸ் இன்னும் பழைய எண்ணில் இருந்தால் இன்றைக்கே மாற்று.

எல்பிஏ இருந்தாலும் அப்பாவுக்காக நீ உயில் எழுத முடியாது, சிபிஎஃப் நாமினேஷனும் போட முடியாது. அவர்தான் செய்ய வேண்டும். அதில் இன்னும் உன் அம்மா பெயர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பார்த்து மாற்றச் சொல். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் போதும், பணம் பெறுபவராக இருக்கக்கூடாது. ஒரு சாட்சி நான், இன்னொன்று எங்கள் வீட்டுக்காரர்.

உன்னுடையதையும் பார், மகாராணி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரைப் போட்டாய். கல்யாணம் ஆன அன்றே அது ரத்து. கணக்கு டீச்சரிடம் 'நாளைக்குக் கொண்டு வர்றேன் டீச்சர்' என்று ஒரு வருஷம் ஓட்டிய ஆள் நீ. இதில் அது வேண்டாம்.

பதினாறாம் நாள் காரியம் அடுத்த வியாழன். முடிந்ததும் குட்டிம்மாவை வக்கீலிடம் கூட்டிப்போகிறேன். டிசம்பருக்கு டிக்கெட் போடும்போது ஒரு வாரம் கூட்டிப் போடு, சான்றளிக்கும் டாக்டரிடம் நேரம் வாங்க அது வேண்டும். தேதியை எழுது, அதற்கேற்ப நான் பதிந்து வைக்கிறேன். குட்டிம்மாவுக்கு ஒரு போன் பண்ணு, ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் அவளால் பேச முடிகிறது.

உன்,
கோழி