மடவை வந்துவிட்டது, குமார்

அன்புள்ள குமார்,

உன் கடிதம் மாட்டுப் பொங்கல் அன்றைக்கு வந்தது. பதில் இவ்வளவு தாமதமானதற்கு என் முழங்காலைத்தான் திட்ட வேண்டும். டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார், ஆனால் மணலில் மட்டும் நடக்கவே கூடாதாம். பட்டினப்பாக்கத்துக்காரன் வேறு எங்கேடா நடப்பான்? சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, கோயம்புத்தூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் டிவியும்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

லண்டனில், உன் ரிச்மண்டில் பௌர்ணமிக்குத் தேம்ஸ் ஆறு ஏறிக் கரையோரம் நிறுத்திய கார்களின் சக்கரம் வரை வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் வேறு எதுவும் ஓடவில்லை. லண்டன் பாலத்தருகே கடல் ஏறி இறங்குவது 7 மீட்டர் வரை போகும், நமக்கு அமாவாசை, பௌர்ணமியிலும் ஒரு மீட்டரைத் தாண்டினால் பெரிய விஷயம். நம் அடையாற்றின் தலையெழுத்தே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் ஆற்றைக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அலசிப் போடுகிறது. இங்கே கடல் எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான், அதுவும் வாசல் திறந்திருந்தால்.

வாசல் என்றால் முகத்துவாரம். வெயில் காலத்தில் ஆற்றில் ஓட்டம் செத்துப்போகும், ஓடுகிற கொஞ்சமும் பெரும்பாலும் நம் வீட்டுக் கழிவுதான். அதே சமயத்தில் தென்மேற்குக் காற்றுக்குக் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து சீனிவாசபுரத்துப் பக்கம் ஒரு திட்டு வளர்ந்து, ஆடி மாதத்தில் நீ வேட்டியை மடித்துக் கட்டினால் பெசன்ட் நகர்ப் பக்கம் கால் நனையாமலே போய்விடலாம் போல ஆகிவிடும். அப்புறம் பொக்லைன் வரும், வெட்டும், நாலு வாரத்தில் மூடும், மறுபடி வரும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால்தான் ஆறு தானாக உடைத்துக்கொண்டு வெளியே போகிறது. இந்த வருஷம் நல்லாவே உடைத்துக்கொண்டது. இப்போது போய்ப் பார், உடைந்த பாலத்துக்குக் கீழே தண்ணீர் பச்சையாக இருக்கிறது. கறுப்பு இல்லை, பச்சை!

அந்தப் பாலம் ஞாபகம் இருக்கிறதா? 1977 வெள்ளத்தில் போனது, இன்னும் அப்படியே அரைகுறையாகத்தான் நிற்கிறது. இப்போது போட்டோ எடுக்கிற கூட்டம்தான் அதிகம். நாம் அங்கே உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்க ஒரே ஒரு கெளுத்தி பிடித்து, அதுவும் உன் கையில் முள் குத்திவிட்டது.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை நான் போனபோது ஊரூர் குப்பத்துக்காரர் ஒருவர் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பளவுத் தண்ணீர். வலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாதியை முழங்கையில் தொங்கவிட்டு, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி விடுகிறார், வட்டமாக விரிந்து ஈயக்குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடுகிற சத்தம், 'சர்ர்' என்று, தாளிக்கிற மாதிரி. இழுத்தால் ஏழெட்டு மடவை, ஒரு ஊடான், அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பை. 'கடல் ஏறும்போது வருது சார், இறங்கும்போது போயிடுது. இதெல்லாம் கடல் மீன்' என்றார். விற்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், ஆற்று மீன் என்று சொன்னால் யார் வாங்குவார்கள். ஆனால் இந்த மாதத்தில் அது முக்கால்வாசி உண்மை. மடவை முட்டையிடுவது கடலில், குஞ்சுகள் வளர்வதற்குத்தான் கழிமுகத்துக்குள் வரும். கொடுவாயும் வரும் என்றார். கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன் என்று அவரிடம் சொன்னேன், என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வலையை உதற ஆரம்பித்துவிட்டார்.

வாங்கினேன். குழம்பு வைத்தோம். மண்ணெண்ணெய் வாடை இல்லை! ஐப்பசியில் கோட்டூர்புரம் பக்கம் பிடித்ததை ஒருமுறை வாங்கி வந்து நான் பட்ட பாடு உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது என் புதுக் கிறுக்குத்தனத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. காலேஜ் லேபில் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் அளந்தோமே, மாங்கனீஸ் சல்பேட், பிறகு காரம் கலந்த பொட்டாசியம் அயோடைடு. ஓய்வு பெற்றும் லேபில் எனக்கு மரியாதை மிச்சம் இருக்கிறது, பசங்களிடம் கேட்டு அந்த இரண்டு கரைசலையும் வாங்கிக்கொண்டு, மூடி போட்ட பாட்டில் மூன்றோடு கிளம்பினேன். முகத்துவாரத்தில் எடுத்ததில் இரண்டு சொட்டு விட்டதும் நல்ல பழுப்பாக வீழ்படிவு இறங்கியது, நாட்டுச் சர்க்கரை கரைந்த மாதிரி. திரு.வி.க. பாலத்தடியில் வெளிறிய பழுப்பு. சைதாப்பேட்டையில் எடுத்தது வெள்ளை. பால் மாதிரி வெள்ளை. பழுப்பு ஏற ஏற ஆக்சிஜன் அதிகம், வெள்ளை என்றால் ஆக்சிஜனே இல்லை, உனக்குச் சொல்ல வேண்டாம். சாக்கடைத் தண்ணீரில் இந்தச் சோதனை கொஞ்சம் ஏமாற்றும் என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் அந்த மூன்று பாட்டிலையும் பால்கனிச் சுவரில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஆற்றையே படுக்கவைத்துப் பார்த்த மாதிரி இருந்தது. மீனுக்கு லிட்டருக்கு 4, 5 மில்லிகிராமாவது வேண்டும். வெள்ளைப் பாட்டில் தண்ணீரில் ஜிலேபிக் கெண்டை மட்டும்தான் பிழைக்கும், அதுவும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு. (அது 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்த விருந்தாளி. இப்போது எந்தக் குட்டையில் இல்லை?)

ஐப்பசியில் முதல் மழைக்கு மீன் செத்து மிதந்ததைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆமாம், பாலத்திலிருந்து பார்த்தேன். விஷம் வைத்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழை வடிகாலில் ஒரு வருஷமாகத் தேங்கியது எல்லாம் ஒரே ராத்திரியில் உள்ளே வருகிறது, அடியில் கிடக்கிற சேறும் கலங்குகிறது, அதைத் தின்கிற கிருமிகள் இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் எடுத்துக்கொள்கின்றன, வாசல் வேறு மூடியிருக்கிறது. மடவை எங்கே போகும்? பக்கத்திலேயே இரவில் லாரி வந்து கழிவைக் கொட்டுவதைப் பற்றி நான் எழுதிப் போட்ட புகாருக்கு, எங்கள் எல்லைக்குள் வராது என்று பதில் வந்தது. இரண்டாவது இடத்திலிருந்தும் அதே பதில். ஆறு யார் எல்லைக்குள்ளும் வராது போலிருக்கிறது.

இதற்கு நடுவில் கரையில் கம்பி வேலி, செடி, நடைபாதை, உட்கார பெஞ்ச். நல்லதுதான், குறை சொல்லவில்லை. 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவில் நானே அரை நாள் கொக்கு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் செலவெல்லாம் ஆற்றைப் பார்ப்பதற்கே போகிறதோ என்று ஒரு எரிச்சல். தொடுகிறவர்கள் இரண்டே கூட்டம்தான். ஒன்று வலைக்காரர்கள். இன்னொன்று போட் கிளப் பிள்ளைகள், 1867-இலிருந்து இருக்கிற கிளப், விடியற்காலையில் துடுப்புப் போட்டுக்கொண்டு போவார்கள், துடுப்பு தெறிக்கிற தண்ணீர் வாயில் படாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு. 1898-இலிருந்து கொழும்புக்காரர்களோடு போட்டி போட்டவர்கள்! ஆற்றின் நிலைமையைக் கேட்க வேண்டுமென்றால் இந்த இரண்டு கூட்டத்தையும்தான் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை.

உங்கள் ஊரும் ரொம்ப யோக்கியம் இல்லை என்று நீயே ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதல். 2024 படகுப் போட்டிக்கு முன்னால் சாக்கடைக் கிருமி ஈ.கோலை அதிகம் என்று சொல்லி, ஜெயித்தவர்களைத் தண்ணீரில் தூக்கிப் போட வேண்டாம் என்றார்களே. ஆனால் 1957-இல் உயிரே இல்லை என்று எழுதிவைத்த ஆற்றில் 1974-இல் சால்மன் வந்தது, இப்போது 25 கிலோமீட்டருக்குச் சுரங்கம் போட்டுச் சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள். முதலில் குழாயைக் கவனித்தார்கள், அப்புறம்தான் பெஞ்ச். நம்மவர்கள் கேட்டால் அங்கே காசு இருக்கிறது என்பார்கள். இருக்கட்டுமே, வாசலைத் திறந்து வைப்பதற்கு எவ்வளவு காசு வேண்டும்?

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ரிச்மண்டில் தூண்டில் போடுகிறவர்கள் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வீட்டில் இதைப் படித்துக் காட்டினேன், 'அப்போ எதுக்குப் பிடிக்கிறாங்க?' என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும்.

மாசியில் வருவதாக இருந்தால் அமாவாசைக்கு முன்னால் வா, தண்ணீர் நன்றாக ஏறும். பங்குனி தாண்டிவிட்டால் திட்டு வளர ஆரம்பித்துவிடும். வரும்போது அங்கே விற்கிற ஆக்சிஜன் மீட்டர் ஒன்று, சின்னதாக, கையில் பிடிக்கிற மாதிரி, என்ன விலை என்று மட்டும் விசாரித்து எழுது. வாங்கிவிடாதே, விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். வெள்ளைப் பாட்டில் இன்னும் பால்கனியில்தான் இருக்கிறது, கொட்டச் சொல்லித் திட்டு விழுந்துகொண்டிருக்கிறது.

உன்
சங்கர்