எந்தப் புள்ளி பற்றிய கோண உந்தம்?

ஆசிரியருக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில் உயர்தரப் பௌதிகவியலுக்கென வெளியான குறிப்பில், மைய விசையின் (எப்போதும் விசைமையம் எனும் ஒரு நிலைத்த புள்ளியினூடாகத் தாக்கும் விசையின்) கீழ் இயங்கும் துணிக்கையின் கோண உந்தம் (ஒரு புள்ளி பற்றிய சுழல் இயக்கத்தின் அளவு) காக்கப்படும், அதாவது மாறாதிருக்கும், என்ற கூற்று, எந்தப் புள்ளி பற்றி என்பது சொல்லப்படாமலே அச்சாகியிருந்தது. யாழ்ப்பாணத்துத் தனியார் வகுப்புக் கொப்பிகளிலும் இவ்வரி இதே குறையுடன்தான் எழுதப்படுகிறது என்பதால் இதனை எழுதுகிறேன்.

மைய விசையின் தாக்கக்கோடு எப்போதும் விசைமையத்தினூடாகவே செல்வதால், அம்மையம் பற்றி அதன் திருப்பம் (சுழற்றும் விளைவு) பூச்சியமாகிறது. அம்மையம் பற்றிய கோண உந்தம் மாறாதிருப்பதற்குக் காரணம் இதுவே. வேறொரு புள்ளியைத் தெரிந்தால் இந்த நியாயம் அங்கே செல்லாது. ஹலியின் வால்வெள்ளி சூரியனுக்கு மிக அண்மையில், ஏறத்தாழ 0.59 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம் ஓர் அலகு) தூரத்தில், செக்கனுக்கு 54 கிலோமீற்றர் அளவான கதியிலும், மிகச் சேய்மையில், ஏறத்தாழ 35 அலகு தூரத்தில், செக்கனுக்கு 0.9 கிலோமீற்றர் அளவான கதியிலும் செல்கிறது. இவ்விரு முனைகளிலும் இயக்கம் சூரியனை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இருப்பதால், தூரத்தையும் கதியையும் பெருக்கினால் சூரியன் பற்றிய கோண உந்தத்தின் அளவு கிடைக்கும்; அது இரண்டிடத்திலும் ஏறக்குறைய 32 வரும். ஆனால் சூரியனை விட்டு, வால்வெள்ளியின் நீள்வளையப் பாதையின் மையத்திலிருந்து கணித்தால், இரு முனைகளும் அம்மையத்திலிருந்து சம தூரத்தில் இருக்க, கதி மட்டும் 60 மடங்கு வேறுபடுவதால், கோண உந்தமும் அதே அளவு வேறுபடும். விசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக இருக்கவேண்டும் என்பதுகூட இக்காப்புக்குத் தேவையில்லை. விசை ஒரு நிலைத்த புள்ளியை நோக்கியிருந்தாலே, அப்புள்ளியையும் துணிக்கையையும் இணைக்கும் கோட்டால் சம நேரங்களில் சம பரப்புகள் கடக்கப்படும் (அப்புள்ளி பற்றிய கோண உந்தம் மாறாது என்பதும் இதுவே) என்று 1687 இலேயே நியூற்றன் நிறுவிவிட்டார்.

நம் மாணவர்களைக் கூடுதலாகக் குழப்புவது, இழையில் தொங்கும் குண்டு கிடைவட்டத்தில் சுற்றும் கூம்பு ஊசல்தான். சீரான கதியில் வட்டமிடும் குண்டின் மீதான விளையுள் விசை வட்டத்தின் மையத்தை நோக்கியிருப்பதால், அம்மையம் பற்றிய கோண உந்தம் மாறிலி. இழை கட்டப்பட்ட மேற்புள்ளி பற்றியோ, இழுவைக்குத் திருப்பம் இல்லையாயினும் நிறைக்கு உண்டு; ஆகவே அப்புள்ளி பற்றிய கோண உந்தம் பருமனில் மாறாமல், திசையில் ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். அதன் நிலைக்குத்துக் கூறு மட்டும் மாறாது. பருமன் மாறவில்லை என்பதைக் கண்டவுடன் "காக்கப்படுகிறது" என்று எழுதிவிடும் மாணவனை நான் குறைகூற மாட்டேன். அவனுக்குத் தரப்பட்ட வரியிலேயே புள்ளி இல்லை.

அடுத்த இதழில் அக்கூற்றை "விசைமையம் பற்றிய கோண உந்தம்" எனத் திருத்தி, உரிய வரிப்படத்தில் அப்புள்ளியையும் குறித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.