விடுதலைப் பத்திரத்திலிருந்து ஆரம்பி

அம்மிணி,

காங்கேயம் பக்கம் நடத்தப்போகும் சட்டப் பயிற்சிக்கு நீ போட்ட நிரலைப் பார்த்தேன். முழுக்கப் பிரிவு எண்கள். தலையாட்டிக் கேட்டுவிட்டு வாசல் தாண்டியதும் மறந்துவிடுவார்கள். நம்ம பக்கம் பெண்ணின் பங்கு கைநழுவுவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில்தான், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித்தரும் பத்திரத்தில். பாதிப் பொழுதை அதற்கே வை.

மாதிரிப் பத்திரத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து ஆளுக்கொன்று கொடு. ‘ரொக்கம் பெற்றுக்கொண்டு சகல பாத்தியதைகளையும் விட்டுக்கொடுத்து’ என்ற வரியை அவர்களையே உரக்கப் படிக்கச் சொல். "சீர் செஞ்சு அனுப்புனதுக்கப்புறம் பங்கு ஏதுங்க?" என்று யாராவது கேட்பார்கள். சீர் செய்ததால் பங்கு போகாது. இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது. அன்றைக்குக் கல்யாணமாகாதவர்களுக்கு மட்டும். அந்த வரம்பு 9-9-2005-ல் நாடு முழுக்கப் போயிற்று. அன்று அப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. ஆனால் 20-12-2004-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினையை இதை வைத்துக் கலைக்க முடியாது. அதையும் மறைக்காமல் சொல். வீணாக ஆசை காட்டாதே. அப்பன் சுயமாகச் சம்பாதித்த தோட்டம் என்றால், உயில் இல்லாதபோது மகன், மகள், மனைவி, அவரைப் பெற்ற தாய் எல்லோருக்கும் சரிபங்கு.

சறுக்கல் வாரிசுச் சான்றிதழிலேயே தொடங்கும். கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விட்டுவிட்டு மனுப் போடுவார்கள், பின்னாலேயே பட்டாவும் மாறிவிடும். அதனால் காரியம் முடிந்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

கடைசி வாசல் சார்பதிவாளர் மேசை. "சம்மதம்தானா? பணம் வாங்கிட்டீங்களா?" என்பார். பின்னால் அண்ணன் நிற்பான், தலை தானாக ஆடும். விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தாலும், "இதை நான் எழுதிக்கொடுக்கலீங்க" என்று அங்கே சொன்னால் அவர் பதிவை மறுக்க வேண்டும். வெறும் கையெழுத்து எழுதிக்கொடுத்ததாகாது என்று உச்ச நீதிமன்றமே 2022-ல் சொல்லியிருக்கிறது. ‘எழுதிக்கொடுக்கலீங்க’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை எல்லோரையும் நாலு தடவை வாய்விட்டுச் சொல்ல வை. பதிவான பிறகு ஏமாற்றியது தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் உரிமையியல் நீதிமன்றம் போகணும். பெண்ணுக்கு வக்கீல் செலவு கிடையாது. வருமானம் பார்க்காமல் வட்டச் சட்டப் பணிகள் குழு வக்கீல் தரும், எண் 15100.

கையெழுத்தே போடாதே என்று மட்டும் சொல்லிவிடாதே. "பொறந்த வூட்டு வாசப்படி அத்துப்போயிருமே" என்ற பயம் பொய்யில்லை. விட்டுக்கொடுப்பதென்றால் நிலத்தின் விலை தெரிந்து, காசோலையாக வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுக்கட்டும்.

வீட்டில் அடி உதை என்றால் பெண்கள் உதவி எண் 181, குடும்ப வன்முறைப் புகாரைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலர், வீட்டைவிட்டுத் துரத்த முடியாது என்கிற மூன்றைச் சொன்னால் போதும். பனியன் கம்பெனியில் பத்துப் பேருக்குக் குறைவென்றால் பாலியல் புகார் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்கு, மூன்று மாசத்துக்குள்.

ஊர்ப் பெரியவர்களை மேடையில் உட்கார வைக்காதே, ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். பதினொரு மணிக்கு ஆரம்பி. மூணு மணிக்கு மேல் கறவைக்கு எழுந்து போய்விடுவார்கள்.

அப்பா